மாடிப்படிக்கு ஒரு நட்சத்திரம் குறைத்திருக்கிறேன்

ஐந்துக்கு நாலு. குறைத்த அந்த ஒன்று மாடிப்படிக்கு. மற்றபடி மண்டபம் ஊரில் இருக்கும் இந்தப் பல் ஆஸ்பத்திரியைப் பற்றி நல்லதாகத்தான் எழுதப் போகிறேன், கொஞ்சம் நீளமாகவே. வீட்டில் இதய ஆபரேஷன் ஆனவர், சுகர்காரர், டயாலிசிஸ் போகிறவர் என்று யாராவது இருந்து, அவர்களுக்குப் பல்வலியும் வந்திருந்தால் முழுக்கப் படியுங்கள். வெறும் சொத்தை அடைக்கவோ பல் கிளீன் செய்யவோ போகிறவர்களுக்கு: வேலை சுத்தம், ரொம்ப நேரம் காத்திருக்க வைக்கிறார்கள், ஜிபே வாங்குகிறார்கள். அவ்வளவுதான், நீங்கள் கிளம்பலாம்.

எங்களுக்கு ஊர் ராமேஸ்வரம் தீவில் இருக்கிற தங்கச்சிமடம், மண்டபம் போக பாம்பன் பாலத்தைத் தாண்ட வேண்டும். நான் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். அப்பா முப்பது வருஷம் விசைப்படகு டிரைவர். 2016-இல் மதுரையில் அவருக்கு இதய வால்வு மாற்றினார்கள், உலோக வால்வு. ராத்திரி காற்று ஓய்ந்து வீடு அமைதியாக இருந்தால் பக்கத்தில் படுத்திருப்பவருக்கு அது டிக் டிக் என்று கேட்கும். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஒரு அசிட்ரோம் மாத்திரை, வால்வில் ரத்தம் கட்டாமல் இருப்பதற்கு. கூடவே சுகருக்கு இரண்டு, பிரஷருக்கு ஒன்று, துடிப்பை மட்டுப்படுத்த மெட்டோப்ரோலால். சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்துவிடும். அசிட்ரோமை மதுரைக்குப் போகும்போது மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்வோம்.

இந்த வருஷம் (2025) ஏப்ரலில் அப்பாவுக்கு மேல் வரிசைக் கடவாய்ப் பல் வலி. பார்த்தால் ஒன்றில்லை, இரண்டு சொத்தை. முதலில் வேறு ஒரு இடத்துக்குத்தான் போனோம். எங்கே என்று எழுதப் போவதில்லை. வால்வு, அசிட்ரோம் என்று நான் சொன்னதும் தலையை நிமிர்த்தாமலே, "அஞ்சு நாள் மாத்திரையை நிறுத்திட்டு வாங்க, எடுத்துடலாம்" என்றார்கள். டெஸ்ட் இல்லை, மதுரை டாக்டரிடம் ஒரு வார்த்தை இல்லை. நான்கூட சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அம்மா ஐந்தாவதுவரை படித்தவர். டிஸ்சார்ஜ் ஆன அன்று மதுரையில் சொன்னதை ஒன்பது வருஷமாக மனசில் வைத்திருந்தார். "எங்களைக் கேக்காம யார் சொன்னாலும் இந்த மாத்திரையை நிப்பாட்டாதீங்கன்னு அந்த டாக்டர் சொன்னாரா இல்லியா?" என்றார். அங்கே திரும்பப் போகவில்லை.

வலி மட்டும் போகவில்லை. அப்பா எங்களுக்குத் தெரியாமல் ஒரு மருந்துக்கடையில் சொல்லி மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார். இது பின்னால் வரும்.

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் ஐஸ் கம்பெனியில் வேலை குறைந்தது. 61 நாள் விசைப்படகு எதுவும் போகாது, ஐஸுக்கும் ஆள் வராது. அந்த இடைவெளியில்தான், கூட வேலை செய்கிறவர் சொல்லி, மண்டபத்துக்கு வந்தோம். பாம்பனில் ரயிலுக்கான புதுத் தூக்குப் பாலத்தை ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த பிறகு ரோட்டுப் பாலத்தில் வேடிக்கை பார்க்கிற கூட்டம் இன்னும் கூடிவிட்டது. நடுப்பாலத்தில் காரை ஓரங்கட்டிவிட்டு செல்ஃபி எடுக்கிறார்கள். அப்பா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவுக்குள்ளிருந்தே அவர்களைத் திட்டிக்கொண்டு வந்தார். திட்டுகிற அளவுக்குத் தெம்பு இருக்கிறதே என்று எனக்கு ஆறுதல்.

இனி படிக்கட்டு. ஆஸ்பத்திரி முதல் மாடியில். குறுகலான, செங்குத்தான படி. ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பி, அதுவும் ஆடுகிறது. அப்பா பாதியில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் ஏறினார். இதை நான் டாக்டரம்மாவிடம் சொன்னபோது அவர் சிரித்துக்கொண்டே, "ஒரு மாடி நிக்காம ஏற முடியுதாங்கிறது நாங்க கேக்குற முதல் கேள்விங்க. இதயம் எவ்வளவு தாங்கும்னு அதுலயே ஓரளவுக்குத் தெரிஞ்சிடும்" என்றார். அப்பா நின்று நின்று ஏறியதை சீட்டிலும் குறித்துக்கொண்டார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இதய நோயாளிகளை இவ்வளவு கவனமாகப் பார்க்கிற இடம் கீழே ஒரு அறை எடுத்திருக்கலாம். ஏதாவது ஆகி ஸ்ட்ரெச்சர் வந்தால் அந்தப் படியில் எப்படித் திருப்புவார்கள்? இதற்கு அவரிடம் சரியான பதில் இல்லை. "இடம் பாத்துட்டிருக்கோம்" என்றார்.

உள்ளே போனதும் வாயைத் திற என்று சொல்லவில்லை. முதலில் இரண்டு பக்கத்துக்குத் தமிழில் அச்சடித்த கேள்வித்தாள். என்ன நோய், என்ன ஆபரேஷன், கடைசியாக ஆஸ்பத்திரியில் படுத்தது எப்போது, மருந்து ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா, எந்த டாக்டர் பார்க்கிறார், அவர் போன் நம்பர். அப்புறம் மாத்திரை எல்லாவற்றையும் அட்டையோடு கொண்டுவரச் சொல்லியிருந்ததால் அம்மா மஞ்சள் பையில் கட்டிக் கொடுத்திருந்தார். டாக்டரம்மா பையை மேசையில் கொட்டி ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் பார்த்தார். இரண்டு அட்டையைத் தனியே எடுத்து வைத்தார்.

"இது யாருங்க எழுதிக் கொடுத்தது?"

அப்பா என்னைப் பார்க்காமல் ஃபேனைப் பார்த்தார். மருந்துக்கடையில் வாங்கியது அது. ஒன்று கிருமிக்கு, மெட்ரோனிடசோல். இன்னொன்று வலிக்கு, டைக்ளோஃபெனாக். நாலு நாளாகப் போட்டுக்கொண்டிருந்தார். பல் வீக்கத்துக்குப் பரவலாகக் கொடுக்கிற மாத்திரைகள்தான், உங்களுக்கும் எனக்கும் கொடுத்தால் பெரிய சேதம் இல்லை. ஆனால் மெட்ரோனிடசோல் அசிட்ரோமின் வேகத்தை ரொம்பவே ஏற்றிவிடுமாம், அந்த மாத்திரையை உடம்பு கரைத்து வெளியேற்றுவதைத் தடுப்பதால். டைக்ளோஃபெனாக் வயிற்றில் ரத்தக் கசிவை உண்டாக்கக் கூடியது. இரண்டும் அசிட்ரோமோடு சேர்ந்தால் பல் எடுக்காமலே ரத்தம் போகலாம். அப்பா இரண்டு மூன்று நாளாகப் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருவதைச் சொத்தைப் பல்லின் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே ராமநாதபுரத்தில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். ஐ.என்.ஆர். என்று ஒரு டெஸ்ட், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று பார்ப்பது. சாதாரண ஆளுக்கு ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்கும். அப்பாவுக்கு இருக்கும் வகை வால்வுக்கு இரண்டரையிலிருந்து மூன்றரை வரை இருக்க வேண்டும் என்று மதுரையில் சொல்லியிருக்கிறார்கள். சாயங்காலம் வாட்ஸ்அப்பில் வந்தது: 4.6.

இங்கேதான் எனக்கு இந்த இடத்தின் மேல் மரியாதை வந்தது. டாக்டரம்மாவே மதுரை டாக்டருக்குப் போன் போட்டுப் பேசினார். அந்த இரண்டு மாத்திரையும் உடனே நிற்க வேண்டும், அசிட்ரோமை ஒரே ஒரு வேளை விட்டுவிட்டு மறுநாளிலிருந்து வழக்கம்போல், ஒரு வாரம் கழித்து மறுபடி டெஸ்ட். இதெல்லாம் மதுரை டாக்டர் சொன்னது, இவர் எழுதிக் கொடுத்தது. வலிக்குப் பாரசிட்டமால் மட்டும். சொத்தைக்குள் மருந்து வைத்து தற்காலிகமாக மூடிவிட்டார். பல்லை எடுக்கவில்லை. கட்டணம் 200 ரூபாய்.

நான் கேட்டேன், மற்றவர்கள் அஞ்சு நாள் நிறுத்தச் சொன்னார்களே என்று. அவர் யாரையும் குறை சொல்லவில்லை. "பல் எடுத்த குழியில ரத்தம் வந்தா பஞ்சை வச்சு அழுத்தலாம், தையல் போடலாம். வால்வுல கட்டுன ரத்தம் மூளைக்குப் போச்சுன்னா நான் எங்கங்க அழுத்துறது?" என்றார். ஐ.என்.ஆர். நாலுக்குக் கீழே இருந்தால் மாத்திரையை நிறுத்தாமலே ஒரு பல்லை எடுத்துவிடலாம், தனக்கு மூன்றரைக்குக் கீழே இருந்தால் மனசுக்கு நிம்மதி, அதுவும் முந்தின நாள் எடுத்த டெஸ்டாக இருக்க வேண்டும் என்றார்.

ஒரு வாரத்தில் 2.8. சனிக்கிழமை எனக்கு வசதி என்றேன். முடியாது, செவ்வாய்க்கிழமை காலைதான் என்றார்கள். எனக்குக் கோபம். சனிக்கிழமை எடுத்து ராத்திரி ரத்தம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை யாரைத் தேடுவீர்கள், வாரத் தொடக்கத்தில் காலையில் எடுத்தால் அன்று பகல் முழுக்கவும் மறுநாளும் நாங்கள் இருப்போம் என்று அங்கே இருக்கிற நர்ஸ் பிள்ளை விளக்கியது. சரிதான். ஆனால் சம்பளம் போனது போனதுதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பல் எடுக்கவில்லை. என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

முந்தின நாளே போன் செய்து, "காலையில் நல்லா சாப்பிட்டுட்டு, எல்லா மாத்திரையும் போட்டுட்டு வாங்க" என்று சொல்லியிருந்தார்கள். அப்பாவிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். ஆனால் ஒன்பது வருஷமாக ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் மனசில் ஒரு சட்டம் பதிந்து கிடக்கிறது: ஊசி, டெஸ்ட் என்றால் வெறும் வயிறு. சுகர் மாத்திரையைப் போட்டுவிட்டார். இட்லியைப் பின்வாசலில் நாய்க்குப் போட்டுவிட்டார். எங்களிடம் மூன்று இட்லி சாப்பிட்டதாகச் சொன்னார்.

பத்து மணிக்கு மாடி ஏறி உட்கார்ந்தோம். மே மாத வெயில், படி ஏறிய களைப்பு. அப்பாவுக்குச் சட்டை நனைகிற அளவுக்கு வியர்த்தது. வெக்கை என்று நினைத்துத் துண்டை எடுத்து விசிறினேன். திடீரென்று என்னைப் பார்த்து, "வின்ச்சை நிறுத்துடா, வலை சுத்துது" என்றார். பழைய ஞாபகத்தில் கிண்டல் செய்கிறார் என்று சிரித்துவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கூசுகிறது. அந்த நர்ஸ் பிள்ளை சிரிக்கவில்லை. மேசையிலிருந்து எழுந்து வந்து அப்பாவின் கையைத் தொட்டது, சில்லென்று இருக்கிறது என்றது, விரலில் குத்தி மெஷினில் வைத்தது. 52. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை என்று கணக்கு.

அடுத்த அரை நிமிஷத்தில் ஒரு சிவப்புப் பெட்டி வந்தது. நம் போட்டில் ஸ்பானர் போட்டு வைக்கிற அதே மாதிரி பிளாஸ்டிக் பெட்டி. டாக்டரம்மா உள்ளே ஒரு நோயாளியை அப்படியே விட்டுவிட்டு கையுறையைக் கழற்றிக்கொண்டு வந்தார். "ஐயா, பேர் சொல்லுங்க" என்றார். அப்பா சொன்னார். விழுங்கச் சொன்னால் விழுங்குகிறார். மூன்று ஸ்பூன் குளுகோஸ் பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வைத்தார்கள். பதினைந்து நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்து மறுபடி குத்தினார்கள். 88. அப்பா என்னைப் பார்த்து, "எதுக்குடா எல்லாரும் நிக்கிறீங்க?" என்றார்.

அப்புறம்தான் டாக்டரம்மா உட்கார்ந்து விளக்கினார். மயங்கிப் போயிருந்தால் வாயில் ஒரு சொட்டுகூட ஊற்றியிருக்கக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அப்போது நரம்பு வழியாக டெக்ஸ்ட்ரோஸ் என்கிற சர்க்கரைத் தண்ணீர்தான், பெட்டியில் அதற்கான பாட்டிலும் இருக்கிறது. இன்னொன்று சொன்னார், அது எனக்குப் புதுசு. சர்க்கரை இறங்கினால் சாதாரணமாக நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். அப்பா போடுகிற மெட்டோப்ரோலால் அந்த இரண்டையும் மறைத்துவிடும். வியர்வை மட்டும்தான் வெளியே தெரியும். அதனால் இனிமேல் காரணமில்லாமல் வியர்த்தாலோ சம்பந்தமில்லாமல் பேசினாலோ முதலில் சுகர் பாருங்கள் என்றார்.

கீழே டீக்கடையிலிருந்து இட்லி வந்தது. இந்த முறை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சரியாகிவிட்டதே, பல்லை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். இல்லை என்றார். அந்த வகைச் சுகர் மாத்திரையின் வேகம் பல மணி நேரம் இருக்கும், மறுபடி இறங்கலாம். இரண்டு மணி நேரம் எங்களை உட்கார வைத்து இன்னும் இரண்டு தடவை குத்திப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார். அன்றைக்குக் காசு வாங்கவில்லை. ஆனால் அடுத்த வாரத்துக்கு மறுபடி ஐ.என்.ஆர். டெஸ்ட், 350 ரூபாய், மறுபடி ராமநாதபுரம், மறுபடி ஒரு நாள் லீவு. இந்த இடத்தில் வேலை சீக்கிரம் முடியும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

காத்திருந்த அந்த இரண்டு மணி நேரத்தில் அப்பா அந்தப் பெட்டியைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தார். நர்ஸ் பிள்ளை திறந்து காட்டியது. ஒவ்வாமைக்கு அட்ரினலின் ஊசி, நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கிற சார்பிட்ரேட், கடித்து விழுங்க 300 மில்லிகிராம் ஆஸ்பிரின், ஆஸ்துமா பம்பு, வலிப்புக்கு ஒரு மருந்து. மூடியின் உள்பக்கம் ஒரு தாள், அதில் எந்த மருந்து எந்த மாதம் காலாவதி என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தது. மாதம் முதல் தேதி சரிபார்த்து கையெழுத்து. பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர். அதன் முள் எங்கே நிற்கிறது என்பதற்கும் ஒரு கட்டம். அப்பா தாளை மேலிருந்து கீழ் வரை விரல் வைத்துப் படித்தார். "லைஃப் ஜாக்கெட்டை எஞ்சின் ரூம்ல பூட்டி வச்சிருக்கிற போட்டை எத்தனை பாத்திருக்கேன். இந்தப் பிள்ளைங்க கைக்கெட்டுற இடத்துல வச்சிருக்கு" என்றார். முப்பது வருஷத்தில் அவர் யாரையும் இவ்வளவு புகழ்ந்து நான் கேட்டதில்லை.

நான் என் பங்குக்கு டாக்டரம்மாவிடம் கேட்டேன்: நாற்காலியில் இருக்கும்போதே நெஞ்சு வலித்தால்? வேலையை நிறுத்தி, படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்கார வைப்போம், பிரஷர் பார்த்துவிட்டு நாக்கின் கீழ் சார்பிட்ரேட், சில நிமிஷத்தில் குறையவில்லை என்றால் மாரடைப்பாகவே எடுத்துக்கொண்டு 108, வண்டி வருவதற்குள் ஆஸ்பிரினைக் கடிக்க வைப்போம் என்றார். ரத்தம் உறையாத மாத்திரை போடுகிறவர் என்பதை வண்டியில் வருகிறவரிடம் முதலில் சொல்வோம் என்றும் சேர்த்தார். மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி முக்கால் மணி நேரம். 2022-இல் மருத்துவக் கல்லூரி வந்த பிறகு எல்லாவற்றுக்கும் மதுரைக்கு ஓடுவது குறைந்திருக்கிறது. ஆனால் அந்த முக்கால் மணி நேரம் முக்கால் மணி நேரம்தான்.

அன்றைக்கே இன்னொன்றும் பார்த்தேன். டயாலிசிஸ் போகிற ஒரு அக்கா வந்திருந்தார். டயாலிசிஸ் முடிந்து நேராக வந்திருக்கிறார், ஒரே பயணத்தில் முடியட்டும் என்று. அவரை நாளைக்கு வரச் சொன்னார்கள். டயாலிசிஸின்போது ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுப்பார்கள், அது இறங்கட்டும் என்று. குழாய் இணைக்கிற கையில் பிரஷர் பட்டை கட்டாமல் மறு கையில் கட்டினார்கள். அந்த அக்கா முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினார். அவர் கஷ்டமும் புரிகிறது, பஸ் காசு யார் கொடுப்பார்கள்?

அடுத்த செவ்வாய்க்கிழமை ஐ.என்.ஆர். 2.7. அம்மாவும் வந்தார், தூக்குவாளியோடு. ஒரு மணி நேரம் முன்னதாக 500 மில்லிகிராம் அமாக்சிசிலின் நாலு ஒரே தடவையில். பல் எடுக்கும்போது ரத்தத்தில் கலக்கிற கிருமி செயற்கை வால்வில் போய் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்கு. சுகர் பார்த்தார்கள், பிரஷர் பார்த்தார்கள், 146-க்கு 84. ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் கிளிப் மாட்டினார்கள். மரத்துப்போகிற ஊசியை டாக்டரம்மா ரொம்ப மெதுவாகப் போட்டார், நடுநடுவே பின்னுக்கு இழுத்து ரத்தக்குழாயில் இல்லையென்று பார்த்துக்கொண்டு. அதில் கொஞ்சம் அட்ரினலின் கலந்திருக்கும், இதயக்காரர்களுக்கு அதன் அளவை மட்டுப்படுத்த வேண்டும் என்றார். இரண்டு சொத்தையில் ஒன்றைத்தான் எடுத்தார். குழிக்குள் கரைகிற பஞ்சு, இரண்டு தையல், ரத்தத்தை நிறுத்துகிற ட்ரானெக்சாமிக் அமிலத்தில் நனைத்த துணியைக் கடித்தபடி அரை மணி நேரம். கிளம்புகிற வரை ரத்தம் நின்றதை மூன்று தடவை பார்த்தார். கட்டணம் 1,200.

ராத்திரி எட்டரைக்கு அப்பா ஆசைப்பட்டு சூடாக ரசம் குடித்து, வாயையும் பலமாகக் கொப்பளித்துவிட்டார். இரண்டையும் செய்யாதே என்று தாளில் எழுதியிருந்தது. வாய் நிறைய ரத்தம். எனக்குக் கை கால் ஓடவில்லை. பாலத்தைத் தாண்டிப் போக வேண்டுமே என்றுதான் முதல் எண்ணம். தாளில் இருந்த நம்பருக்கு அடித்தேன். இரண்டாவது மணியிலேயே டாக்டரம்மாவே எடுத்தார். நிமிர்ந்து உட்காரச் சொல்லுங்கள், கொடுத்தனுப்பிய துணியை மருந்தில் நனைத்துக் குழி மேல் வைத்து இறுக்கிக் கடிக்கட்டும், முப்பது நிமிஷம், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது, துப்பக் கூடாது. அதற்கும் நிற்காவிட்டால் மறுபடி கூப்பிடுங்கள், நான் ராமநாதபுரத்தில் சொல்லி வைக்கிறேன் என்றார். அம்மா கடிகாரத்துக்கு முன்னால் உட்கார்ந்தார். அப்பா எதையோ சொல்ல வாயைத் திறக்கப் போகும்போதெல்லாம் தாடையைப் பிடித்து மூடினார். முப்பது நிமிஷத்தில் நின்றுவிட்டது. மறுநாள் காலை அவர்களே போன் செய்து கேட்டார்கள்.

குறைகள் இன்னும் உண்டு. காத்திருக்கும் அறையில் டிவி சத்தம் தாங்க முடியாது. கழிப்பறை கீழ்த்தளத்தில், பிரஷருக்கு நீர் மாத்திரை போடுகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். டாக்டரம்மா வாரத்தில் நாலு நாள்தான் வருகிறார், போன் செய்யாமல் போகாதீர்கள். போகிறவர்கள் மாத்திரை அட்டைகளைப் பையோடு எடுத்துப் போங்கள், மருந்துக்கடையில் ரகசியமாக வாங்கியதையும் சேர்த்து.

இரண்டாவது பல்லுக்கு ஜூன் முதல் செவ்வாய்க்கிழமை தேதி கொடுத்திருக்கிறார்கள். அன்று காலை அப்பா இட்லி சாப்பிட்டு முடிக்கிற வரை பின்வாசல் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொள்ளப் போவதாக அம்மா சொல்லியிருக்கிறார்.